தானியங்கி மேடை விளக்கும் சிறு மண்டபமும்: கொழும்புத் தமிழ் அரங்கை முன்வைத்து ஒரு நோக்கு

கொழும்பில் தமிழ் நாடகத்தோடும் நடனத்தோடும் தொடர்புடையோர் அண்மைக் காலத்தில் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பர். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் மண்டபங்களில் அரங்கேற்றமோ நாடகமோ நிகழும்போது, நிலையாகக் கட்டப்பட்ட விளக்குகளுக்குப் பதிலாகத் தாமே திரும்பியும் சாய்ந்தும் நிறம் மாறியும் ஒளி வீசும் விளக்குகள் வாடகைக்கு எடுத்துவரப்படுகின்றன. வாடகைக்கு விடுவோர் இவற்றை 'மூவிங் ஹெட்' என்பர். இக்கட்டுரையில் இவை தானியங்கி விளக்குகள் எனப்படுகின்றன. இவை வந்துவிட்டமையினால் நமது மேடை ஒளி முன்னேறிவிட்டது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அவ்வெண்ணத்தைச் சற்று நிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளவத்தையில் நிகழ்ந்த நாடகமொன்றின் ஒளியமைப்பிற்கு உதவும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. வாடகைக்கு வந்த எட்டு விளக்குகளும் மின்னிறக்கக் குமிழ் கொண்டவை. இறுதிக் காட்சியில், வெளிநாடு சென்ற மகனின் கடிதத்தைத் தாய் தனக்குத்தானே வாசிக்கின்றாள். மேடை முழுவதும் இருள். ஒரு மூலையில் மட்டும் ஒளி. ஒத்திகையின்போது ஐந்தாம் வரிசையில் அமர்ந்திருந்த நெறியாளர், தாயின் சொற்கள் கேட்கவில்லை என்றார். அவருக்குக் கேட்டது விளக்குகளின் விசிறி இரைச்சல். "எரியாமலிருக்கும் ஏழு விளக்குகளின் விசிறிகளையாவது நிறுத்துங்கள்" என்றார். நிறுத்த இயலவில்லை. ஏனெனில் அவை அணைந்திருந்த விளக்குகள் அல்ல. உள்ளே முழு வலுவில் எரிந்துகொண்டு, தகடொன்றினால் வாய் மூடப்பட்டிருந்த விளக்குகள்.

மின்னிறக்கக் குமிழை மின்னோட்டத்தைக் குறைப்பதன் மூலம் இருள்வரை மங்கச் செய்தல் இயலாது. அணைத்துவிட்டால் அது குளிரும்வரை மீண்டும் எரியாது. எனவே குமிழைத் தொடர்ந்து எரியவிட்டு ஒளியைப் பொறிமுறையால் மறைப்பதே அவ்விளக்கை ஆக்கியோர் கண்ட வழி. அது அவர்களின் தவறன்று. பல்லாயிரவர் கூடும் இசை நிகழ்ச்சியொன்றின் ஒலிபெருக்கிகளுக்கிடையே விசிறியின் இரைச்சலை எவரும் கேட்கப்போவதில்லை. அவர்கள் பேரொளியைப் பெறுவதற்காக அமைதியை விட்டுக்கொடுத்தனர். நாமோ அமைதி வேண்டிய இடத்திற்கு அவ்விளக்கைக் கொண்டுவந்தோம். பொறியியல் வடிவமைப்பு என்பது இத்தகைய விட்டுக்கொடுப்புகளின் தொகுதியேயாகும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். எதைக் குறைப்பது என்ற தீர்மானம் எங்கோ ஒரு மண்டபத்தை மனத்திற்கொண்டு எடுக்கப்படுகின்றது. அது நமது மண்டபமா என்பதே கேள்வி.

நமது அரங்கில் ஒளி பெற்ற இடத்தைச் சிறிது நோக்குதல் பொருந்தும். மட்டக்களப்பின் வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்துக்குத் தீப்பந்தங்களும், பின்னர் பெற்றோமாக்ஸ் விளக்குகளும் ஒளி தந்தன. அவ்வொளி ஆடுவோனையும் பார்ப்போனையும் வேறுபடுத்தவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்' கூத்தையும், தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' முதலியவற்றையும் மேடையேற்றியபோது கூத்து படச்சட்ட மேடைக்குள் வந்தது. நாற்புறமும் பார்வையாளர் சூழ்ந்திருந்த கலை, ஒரு புறமிருந்து மட்டும் பார்க்கப்படும் கலையாயிற்று. விடிய விடிய ஆடியது ஓரிரு மணித்தியாலங்களாகச் சுருங்கிற்று. இம்மாற்றத்தில் ஒளி, காட்சியைக் காட்டும் கருவி என்ற நிலையிலிருந்து காட்சியை ஆக்கும் கருவி என்ற நிலைக்கு உயர்ந்தது. ஒரு பாத்திரத்தைத் தனிமைப்படுத்தவும், காலம் கடந்ததை உணர்த்தவும், இடத்தை மாற்றவும் ஒளி பயன்படலாயிற்று. 1953இல் திறக்கப்பட்ட லயனல் வென்ட் அரங்கு போன்ற, விளக்குகளுக்கென வசதி செய்யப்பட்ட இடங்கள் கொழும்பிற் சிலவே. தமிழ்க் குழுக்கள் பெரும்பாலும் பாடசாலை மண்டபங்களையும் சமய, சமூக நிறுவனங்களின் மண்டபங்களையும் நம்பியே இயங்கின. சொற்பொழிவு, திருமணம், நூல் வெளியீடு, நாடகம் யாவற்றுக்கும் பொதுவான மண்டபங்கள் இவை. கூரை தாழ்ந்தது, மேடை ஆழமற்றது, விளக்குத் தொங்கவிடும் குழாய்க்கும் நடிகனுக்கும் இடையே எட்டு அல்லது பத்து மீற்றர் தூரமே இருக்கும்.

இந்த எட்டு மீற்றரை வாசகர் மனங்கொள்ள வேண்டுகின்றேன். பின்வரும் கணக்குகள் பலவும் இதைச் சுற்றியே அமைகின்றன.

தானியங்கி விளக்கின் பிறப்போ வேறொரு தூரத்தில் நிகழ்ந்தது. கயிற்றினால் இழுத்துத் திருப்பும் விளக்கொன்றுக்கு அமெரிக்காவில் 1906இலேயே காப்புரிமை பெறப்பட்டிருந்தது. ஆயினும் இன்றைய விளக்கின் நேரடி முன்னோடி டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரிலிருந்த ஷோகோ நிறுவனத்தினர் ஆக்கிய 'வாரிலைற்' ஆகும். அவர்கள் முதலில் தேடியது நிறத்தை விரைவாக மாற்றும் விளக்கொன்றை மட்டுமே. சில அலைநீளங்களைக் கடத்திப் பிறவற்றைத் தெறிக்கச் செய்யும் மெல்லிய படலம் பூசிய கண்ணாடிகளைச் சுழற்றி நிறம் மாற்றும் வழியைக் கண்டனர். இன்னும் இரு மோட்டர்களைச் சேர்த்தால் விளக்கே அசையும் என்ற எண்ணம் அதன் பின்னரே தோன்றிற்று. 1981 செப்டெம்பரில் பார்சலோனாவில் 'ஜெனசிஸ்' என்னும் ஆங்கிலேய றொக் இசைக் குழுவின் நிகழ்ச்சியில் இவ்விளக்குகள் முதன்முதல் மக்கள் முன் இயங்கின. இரசிகர் பெருந்திரளுக்கு மேலே, நெடுந்தூரத்தில், செவியைப் பிளக்கும் இசைக்கு நடுவே. அன்று வகுக்கப்பட்ட முன்னுரிமைகள், அதாவது செறிந்த கற்றை, விரைந்த அசைவு, உறுதியான நிறம் என்பன, இன்றைய வாடகை விளக்கின் உடலிலும் தொடர்கின்றன.

கற்றையின் அகலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வாடகைச் சந்தையில் எளிதிற் கிடைக்கும் விளக்குகளிற் பல ஏறத்தாழ மூன்று பாகை விரிவுடைய ஒடுங்கிய கற்றையைத் தருவன. நாற்பது மீற்றர் தூரத்தில் அக்கற்றை இரண்டு மீற்றர் விட்டமுள்ள வட்டமாக விழும். ஓர் ஆளைத் தலை முதல் கால் வரை சூழ அது போதும். எட்டு மீற்றர் தூரத்திலோ அவ்வட்டத்தின் விட்டம் 42 சென்ரிமீற்றர். முகம் ஒளி பெறும். கை இருளில் நிற்கும். அபிநயம் முழுவதும் கைகளில் நிகழும் ஒரு கலைக்கு இது எத்துணைப் பொருத்தமானது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே தூரத்தில் 25 பாகைக் கற்றை மூன்றரை மீற்றர் விட்டத்தை மூடும். இரு வட்டங்களின் பரப்புகளும் ஏறத்தாழ எழுபது மடங்கு வேறுபடுகின்றன.

இரண்டையும் ஒரே விளக்கில் தர இயலாதா? வில்லைகளை முன்பின் நகர்த்தி விரிவை மாற்றும் விளக்குகள் உண்டு. ஆனால் ஒளியியலில் தப்பமுடியாத விதியொன்று இருக்கின்றது. ஒளிமுதலின் பரப்பையும் அதிலிருந்து ஒளி விரியும் கோணத்தையும் இணைத்து நோக்கும் கணியம் ஒன்றுண்டு. எந்த வில்லைத் தொகுதியும் ஒளியை இழக்காமல் அதைக் குறைத்துவிட முடியாது. எனவே ஒடுங்கிய கற்றை வேண்டுமாயின் ஒளிமுதல் மிகச் சிறிதாக இருத்தல் வேண்டும். அன்றேல் முன்வில்லை மிகப் பெரிதாக இருத்தல் வேண்டும். மின்னிறக்கக் குமிழின் வில் ஓரிரு மில்லிமீற்றர் நீளமே உடையது. ஆதலாற்றான் அது ஒடுங்கிய கற்றைக்கு உகந்ததாயிற்று. எல்.ஈ.டி. எனப் பெரிதும் வழங்கும் ஒளிகாலும் இருவாயிகளைப் பலவாக அடுக்கியே பேரொளி பெற முடியும். அடுக்கினால் பரப்புக் கூடும். கூடவே வில்லையும் தலையும் பருக்கும். விரிவை மாற்றும் வில்லைத் தொகுதி தலையின் நீளத்தையும் திணிவையும் மேலும் கூட்டுவதோடு ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சிறிது ஒளியைத் தின்னும்.

சிறு மண்டபத்துக்கு உண்மையில் எவ்வளவு ஒளி வேண்டும்? மூன்றரை மீற்றர் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழப் பத்துச் சதுர மீற்றர். அதன்மீது 5,000 லூமன் விழுந்தால் ஒளிர்வு 500 லக்ஸ் ஆகும். இருண்ட மண்டபத்தில் பழகிய கண்ணுக்கு நடிகரின் முகத்தைப் படிக்க இது தாராளம். பெரிய தானியங்கி விளக்குகள் 20,000 லூமனுக்கு மேல் தருகின்றன. அதனை மறைத்தும் வடிகட்டியும் நாம் பயன்படுத்துகின்றோம். தேவையற்ற அந்த ஒளிக்காகவே வெப்பமும் விசிறியும் பாரமும் வாடகையும் வந்து சேர்கின்றன.

அடுத்து அசைவு. ஒரு பொருளைச் சுழற்ற வேண்டிய முறுக்கம் அதன் சடத்துவத் திருப்பத்தைப் பொறுத்தது. திணிவு சுழலச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றதோ, அத்தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப இது பெருகும். எனவே வடிவமைப்போர் பாரமான மின்வழங்கியைத் தலையிலிருந்து எடுத்து அடித்தளத்தில் வைப்பர். எல்.ஈ.டி. விளக்கிலோ வெப்பம் பிறப்பது தலையிலேயே; அதை உறிஞ்சும் உலோக இறகுகளும் அங்கேயே இருந்தாக வேண்டும். தலை பாரமாகும், அசைவு மந்தமாகும், அல்லது மோட்டர் பெரிதாகும். இதனைத் தவிர்க்க ஒரு காலத்தில் விளக்கை அசையாது வைத்து, முன்னேயிருந்த சிறு கண்ணாடியை மட்டும் அசைத்தனர். சில நூறு கிராம் கண்ணாடி மின்னலெனத் திரும்பும். ஆனால் அது காட்டும் திசைகள் குறுகியவை. மேடையின் பின்மூலைகளுக்கு எட்டாது. அவ்வகை விளக்குகள் இன்று அருகிவிட்டன.

துல்லியத்தின் கணக்கு இன்னும் சுவையானது. கட்டுப்பாட்டு மேசையிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை செல்லும் 'டி.எம்.எக்ஸ். 512' என்னும் நியமத்தை 1986இல் அமெரிக்க அரங்கத் தொழினுட்ப நிறுவகம் வகுத்தது. ஒரு கம்பி இணைப்பில் 512 அலைவரிசைகள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை 256 பெறுமானங்களை ஏற்கும். 540 பாகை திரும்பும் விளக்கொன்றின் திருப்பத்தை ஓர் அலைவரிசைக்கு ஒப்படைத்தால் மிகச் சிறிய நகர்வு 2.1 பாகையாகும். பத்து மீற்றர் தூரத்தில் அது 37 சென்ரிமீற்றர்ப் பாய்ச்சல்! மெதுவாக நடக்கும் நடிகையைப் பின்தொடரும் ஒளி தவளைபோலத் தாவிச் செல்லும். இரு அலைவரிசைகளை இணைத்தால் 65,536 பெறுமானங்கள் கிடைக்கும். நகர்வு ஒன்றரை மில்லிமீற்றருக்குக் குறையும். ஆயின் 512இல் இரட்டிப்பு இடம் செலவாகும். கட்டளை நுண்மையாயினும் பொறி நுண்மையாக வேண்டுமே. வழக்கமான படிநிலை மோட்டர் படியொன்றுக்கு 1.8 பாகை திரும்பும். பட்டியினாலோ பற்சில்லினாலோ பத்துக்கு ஒன்றாகக் குறைத்தால் படி 0.18 பாகையாகும், பத்து மீற்றரில் மூன்று சென்ரிமீற்றர். இப்போது தலை ஒன்றரைச் சுற்றுத் திரும்ப மோட்டர் பதினைந்து சுற்றுச் சுற்ற வேண்டும்; வேகம் கூடக்கூட மோட்டரின் முறுக்கம் குறையும். ஆக, துல்லியத்தைத் தந்தவர் வேகத்தை இழப்பர். இரண்டையும் கேட்போர் விலையைத் தருவர்.

நாடகத்தில் ஒளி மூன்று வினாடியில் ஒன்றரைச் சுற்றுச் சுற்ற வேண்டிய தேவை எங்கே உள்ளது? பார்வையாளர் காணத்தக்கதாக விளக்கு அசைய வேண்டிய கட்டங்களே அரிது. பெரும்பாலும் காட்சிக்கும் காட்சிக்கும் இடையில், இருளில், அது புதிய இடத்தை நோக்கித் திரும்பினாற் போதும். அதற்குச் சிறிய மோட்டரும் பெரிய குறைப்பு விகிதமும் உடைய மந்தமான விளக்கு தகும். அது மலிவாகவும் ஓசையற்றும் இருக்கும். அத்தகைய விளக்குகள் ஆக்கப்படாமலில்லை. ஆனால் திருமண வரவேற்புக்கும் மெல்லிசை நிகழ்ச்சிக்கும் ஒருசேர வாடகைக்குப் போகும் விளக்கையே வாடகைக்காரர் வாங்குவார். அவரைக் குறைகூற நான் முன்வரேன். கடனுக்கு வட்டி கட்டுபவர் அவரே.

இனி வெப்பமும் ஓசையும். தங்குதன் இழைக் குமிழ், தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் செங்கீழ்க் கதிராகக் கற்றையோடு வெளியே அனுப்பிவிடும். நடிகர் வியர்ப்பர், விளக்கு தப்பும். எல்.ஈ.டி. கற்றையில் வெப்பம் அரிது. ஆனால் குறைகடத்தியில் பிறக்கும் வெப்பம் அங்கேயே தங்கும். அதைக் கடத்தி வெளியேற்றாவிடின் ஒளி மங்கும், ஆயுளும் குறையும். வெப்பம் வெளியேறும் வீதம் உள்வெப்பநிலைக்கும் சூழலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. உதாரணமாக, 85 பாகை செல்சியசுக்கு மேற் போகலாகாத ஒரு விளக்கை ஐரோப்பிய மண்டபமொன்றில் 20 பாகையில் இயக்கினால் வேறுபாடு 65 பாகை. கொழும்பில், குளிரூட்டியில்லாத மண்டபத்தின் கூரையடியில், மாலை நிகழ்ச்சியில் 38 பாகை இருப்பதாகக் கொள்வோம், வேறுபாடு 47. அதே உலோக இறகுகள் அங்கு வெளியேற்றிய வெப்பத்தில் நான்கிலொரு பங்குக்கு மேல் இங்கு வெளியேற்ற இயலாது போகின்றது. விளக்கின் உள்ளேயுள்ள காவற்சுற்று உடனே விசிறியை விரைவுபடுத்தும். அதுவும் போதாதெனில் ஒளியைத் தானே குறைக்கும். அங்கே அமைதியாயிருந்ததாகக் கூறப்பட்ட விளக்கு இங்கே இரைவது இதனாலேயாகும். விளம்பரத் தாளிற் பொறித்த டெசிபெல் எண், பொதுவாகக் குளிர்ந்த அறையில், விசிறி மெல்ல ஓடும் நிலையில் பெறப்படுவது.

விசிறி பற்றிய இரு விதிகளை இங்கு கூறுதல் தகும். விசிறியின் சுழற்சி வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். விட்டத்தைக் கால்பங்கு கூட்டி வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவு மாறாது. ஓசை ஏறத்தாழ 8 டெசிபெல் குறையும். பெரிய விசிறி மெல்லச் சுழல்வதே அமைதிக்கு வழி. ஆனால் பெரிய விசிறிக்குப் பெரிய தலை வேண்டும். சற்றுமுன் நாம் கண்ட சடத்துவத் திருப்பம் மீண்டும் வந்து நிற்கும். விசிறியே இல்லாமல் உலோக இறகுகளை மட்டும் நம்பும் விளக்குகளும் உண்டு. அவற்றின் வலு சில நூறு உவாற்றைத் தாண்டுவது கடினம். முன்னர் கண்ட 5,000 லூமனுக்கு அது போதும் என்பதை வாசகர் இப்போது நினைவுகூரலாம். இன்னொன்று: ஒரேயளவு இரையும் பத்து விளக்குகள் ஒரு விளக்கைவிட 10 டெசிபெல் கூடுதலாக இரையும். எண்ணிக்கையைக் குறைப்பதும் அமைதியே.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது நமது மேடையின் தேவை மேலும் தெளிவாகின்றது. வெள்ளை எல்.ஈ.டி. என்பது நீல ஒளி காலும் இருவாயியின்மேல் மஞ்சட் பொசுபரைப் பூசிப் பெறுவது. அதன் நிறமாலையில் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே ஒரு பள்ளமும், ஆழ்ந்த சிவப்பில் ஒரு வறுமையும் காணப்படும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வெள்ளை ஆக்கினால் மஞ்சட் பகுதியிற் பள்ளம் விழும். கண் இரண்டையும் வெள்ளை என்றே காணும். ஆனால் அவ்வொளியில் வைக்கப்பட்ட பொருளின் நிறம் திரிபடையும். அரக்குப் பட்டு கரிய மண்ணிறமாகும். நடன மாதின் விரல்களிலுள்ள செம்பஞ்சுக் குழம்பு அழுக்காகத் தோன்றும். கபில நிறத் தோல் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். நிறக்காட்சிச் சுட்டெண் என்ற அளவு இதனைக் காட்டும் எனப் பலர் நம்புவர். அச்சுட்டெண்ணின் பொதுப் பெறுமானம் மென்னிறங்கள் எட்டின் சராசரியே. செறிந்த சிவப்பு அதிற் சேராது. எனவே 80 என்ற சுட்டெண் பெற்ற விளக்கு நம் பட்டையும் குங்குமத்தையும் கைவிடக்கூடும். ஆழ்ந்த சிவப்பைச் சேர்த்தால் நிறம் செம்மையுறும். ஆனால் மனிதக் கண் அவ்வலைநீளங்களை மங்கலாகவே உணர்வதால், உவாற்றொன்றுக்கு லூமன் குறையும். விற்பனைத் தாளில் லூமன் எண்ணே பெரிதாக அச்சிடப்படுகின்றது. சந்தை எப்பக்கம் சாயும் என்பதற்கு விளக்கம் வேண்டா.

ஒளிமுதலின் சிறுமைக்கு இங்கு வேறொரு பயனும் உண்டு. கண்ணாடித் துண்டுகள் பதித்த கூத்து முடிகளும் அணிகளும் பந்தத்தின் தளம்பும் சிறு சுடரில் மின்னுவதற்கென ஆக்கப்பட்டவை. சிறிய ஒளிமுதல் ஒவ்வொரு துண்டிலும் கூர்மையான ஒரு புள்ளியாகத் தெறிக்கும். அகன்ற எல்.ஈ.டி. பரப்பு அதே துண்டில் மங்கிய வெளிச்சமாகப் படியும், முடி மின்னாது. முகத்துக்கு மென்மையான அகன்ற ஒளியும் முடிக்குக் கூர்மையான சிறு ஒளியும் தேவைப்படுகையில், ஒரே வகை விளக்கு எட்டைத் தொங்கவிடுவதில் பொருளில்லை. பழைய இழைக் குமிழ்கள் இரண்டு பின்புறத்திலிருந்து எரிந்தாற் போதும்.

இழைக் குமிழை மங்கவைக்கும்போது அது சிவந்து மறைவது, அந்தி சாய்வதை ஒத்தது. நாடக ஒளியமைப்பாளர் தலைமுறை தலைமுறையாக அதனைப் பயன்படுத்தி வந்துள்ளனர். எல்.ஈ.டி. மங்கும்போது நிறம் மாறாது; அடிமட்டத்திற் படிப்படியாகத் துள்ளி அணையும். ஒளியைக் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் ஏற்றியும் அணைத்துமே அதனை மங்கச் செய்கின்றனர். வினாடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்பு எண்ணும் கடிகாரச் சுற்றொன்றைக் கொண்டு 65,536 ஒளிப் படிகளை ஆக்க வேண்டுமாயின் ஏற்றி அணைக்கும் மீடிறன் 244 ஏர்ற்சு ஆகிவிடும். கண் அதைப் பொறுக்கும். கமரா பொறாது, கருங்கோடுகள் ஓடும். மீடிறனை 16,000 ஆக்கினால் கமரா அமைதியுறும். ஆனால் படிகள் ஆயிரமாகக் குறைந்து மெல்லிய மறைவு கரடுமுரடாகும். இது சிறு விடயமன்று. வெள்ளவத்தையில் நிகழும் அரங்கேற்றத்தை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் நேரலையிற் பார்க்கின்றனர். மண்டபத்தில் இருப்பவருக்காக ஒளியமைப்பதா, திரையில் இருப்பவருக்காகவா என்ற வினா இப்போது ஒரு மின்சுற்றின் வடிவமைப்புக்குள்ளும் புகுந்துவிட்டது.

இழைக் குமிழ் மறைந்துவருவது குறித்து மேலைநாட்டு அரங்கக் கலைஞரும் கவலையுற்றனர். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்சிக்கன விதிகளை மேடை விளக்குகளுக்கும் விரிக்க முற்பட்டபோது, அவர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்துச் சில விலக்குகளைப் பெற்றனர். அங்கே எதிர்க்க ஓர் அமைப்பு இருந்தது.

மின்வழங்கல் பற்றிக் கொழும்பு வாசகருக்கு விரிவாகக் கூற வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. அக்காலம் கடந்துவிட்டது, ஆயினும் மின் நின்று பிறப்பாக்கி இயங்கத் தொடங்கும் சில வினாடிகளின் அனுபவம் எவருக்கும் புதிதன்று. இழைக் குமிழ் மின் வந்தவுடன் எரியும். எல்.ஈ.டி. விளக்கு எரியும், ஆனால் தன் தொடக்க நிலையைத் தேடித் தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிய பின்னரே கட்டளைக்குப் பணியும். மின்னிறக்கக் குமிழ் சில நிமிடங்கள் குளிர்ந்த பின்னரே மீண்டும் எரியும். மேடையில் நிற்பவர் அதுவரை இருளில் நிற்பார். கடலோரத்து உப்புக் காற்று இன்னொரு சிக்கல். விசிறி அக்காற்றை உள்ளே இழுத்து மின்சுற்றுப் பலகைகள்மேல் ஊதுகின்றது. அடைத்து மூடிய விளக்கு உப்பைத் தடுக்கும், வெப்பத்தையும் தடுக்கும், இறகுகள் பெருக்கும். பழுதுபார்த்தலும் அவ்வாறே. குமிழ் போனால் குமிழை மாற்றலாம். எல்.ஈ.டி. தொகுதி போனால் அந்நிறுவனத்தின் அந்த மாதிரிக்கே உரிய பலகை வேண்டும்; 2020ஆம் ஆண்டுக்குப் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதன் பொருளை நமக்கு உணர்த்தின. ஒரு விளக்கின் உதிரிப்பாகங்களுக்காக இன்னொரு விளக்கைப் பிரிப்பதே பலருக்கு வழியாயிற்று.

இவ்வளவும் தானியங்கி விளக்கை மறுப்பதற்காகக் கூறியதன்று. ஏணியேறி விளக்கைத் திருப்புவதில் உயிராபத்து உண்டு. மண்டபம் ஒரு நாளுக்கு மட்டுமே கிடைக்கும் குழுவுக்குக் கீழிருந்தே விளக்கைத் திருப்புவது பெரும் வரம். 2011 டிசெம்பரில் திறக்கப்பட்ட, 1,288 இருக்கைகள் கொண்ட தாமரைத் தடாக அரங்கு போன்ற இடத்தில் பெரிய விளக்குகளுக்கு வேலையுண்டு. ஆனால் அங்கு பொருந்துவதை இங்கும் கேட்பது, ஊர்க் கோயிற் கிணற்றுக்கு மகாவலியின் விசையியக்குழாயைக் கேட்பது போன்றது. சிறு மண்டபத்துக்கு வேண்டியது விரிந்த கற்றையும், மந்தமான அசைவும், விசிறியற்ற உடலும், ஆழ்ந்த சிவப்பும், மெல்லிய மறைவும் உடைய விளக்கு. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஆக்கப்படுகின்றன. இவையனைத்தும் ஒன்றுசேர்ந்த விளக்கு நம் வாடகைச் சந்தைக்கு வருவதில்லை, அதைக் கேட்பாரும் இல்லாமையால். கொழும்புத் தமிழ் நாடகக் குழுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே வாடகை செலுத்துகின்றன. சில குழுக்கள் ஒன்றுசேர்ந்து அத்தகைய நான்கு விளக்குகளை வாங்கி வைத்திருத்தல் ஆகாத காரியமன்று. வாங்குமுன் விற்போரிடம் லூமனைக் கேட்பதற்குப் பதிலாக, 38 பாகை வெப்பத்தில் ஒரு மணித்தியாலம் எரிந்த பின் விசிறி எவ்வளவு இரைகிறது என்று கேட்டல் வேண்டும். ஓர் அரக்குச் சேலையை எடுத்துச் சென்று விளக்கின்கீழ் விரித்துப் பார்த்தல் எந்த அளவியையும்விட எளிது.

முன்னர் கூறிய நாடகம் சில மாதங்களின் பின் கொட்டாஞ்சேனையில் மீண்டும் மேடையேறியது. இம்முறை பாடசாலையொன்றிலிருந்து இரவல் பெற்ற ஆறு இழை விளக்குகளையும், விசிறியில்லாத சிறிய எல்.ஈ.டி. தானியங்கி விளக்குகள் இரண்டையும் பயன்படுத்தினோம். இருவகை ஒளியின் வெண்மையும் ஒன்றோடொன்று இசையவில்லை. ஓரிடத்தில் தாயின் வெள்ளைச் சேலை ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலமாகவும் தெரிந்தது. நெறியாளர் அதைப் பொருட்படுத்தவில்லை. கடிதத்தின் கடைசி வரி கடைசி வரிசைவரை கேட்டது. இழை விளக்குகளை ஏணியில் ஏறித் திருப்பி முடிக்க இரண்டு மணித்தியாலம் கூடுதலாகப் பிடித்தமையால், மண்டபக் காவலாளருக்கு மேலதிக வேலைக்கான பணத்தைக் குழுவே கொடுத்தது.